வெள்ளிக்கிழமை இரண்டு சட்டிக் கஞ்சி

வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலில் கொதிக்கும்போது எழுகிற மணம் நோன்பு பிடித்தவர்களின் வயிற்றைப் பிடித்து அடுப்படிக்கே இழுத்து வந்துவிடும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்த மணம் இரண்டு அடுப்புகளிலிருந்து வரும். ஒரு சட்டியில் ஆட்டுக்கறி கொத்திப் போட்ட நோன்புக் கஞ்சி, எங்களுக்கும், எங்கள் ஊர்ச் சின்னப் பள்ளிவாசலான சூராவில் தொழ வருகிறவர்களுக்கும். இன்னொரு சட்டியில் கறியே படாமல், பாசிப்பயறும் கேரட்டும் ரம்பை இலையும் மட்டும் போட்டது, ரப்பர்த் தோட்டத்து வேலைக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்த லூர்து அம்மாவுக்கு. "கறிச் சட்டிக் கரண்டிய இதுல விட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்று உம்மா என்னை மிரட்டுவார். அந்தச் சுத்தத்தில் உம்மாவுக்கு இருந்த கறார், சொந்தத் தொழுகைக்குக்கூட இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் எங்கள் ரமலானும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. நாங்கள் விடியலிலிருந்து அந்தி வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருப்போம். அவர்கள் வெள்ளிக்கிழமைகளில் கறி தொடமாட்டார்கள், ஒரு வேளை மட்டும் உண்டு "ஒருசந்தி" இருப்பார்கள். அந்த ஒரு வேளையை லூர்து அம்மா மத்தியானத்திலிருந்து அந்திக்கு மாற்றிக்கொண்டார். "எம் புள்ள வயித்தக் காயப் போட்டுக்கிட்டு நிக்கயில எனக்கு எப்பிடி சோறு எறங்கும்? அவளோடயே தொறந்துக்கிறேன்" என்பார். சூராவில் பாங்கு சொல்லும் சத்தம் லயம் வரைக்கும் கேட்கும். கேட்டதும் நான் "பிஸ்மி" சொல்லி ஒரு வாய் எடுப்பேன், அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் எடுப்பார், ஒரே தூக்குச் சட்டியிலிருந்து.

"எம் புள்ள" என்று அவர் சொன்னது வாய்ப்பேச்சுக்கு அல்ல. நான் பிறந்த சில நாளில் உம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, காய்ச்சல் ஏறி, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். புட்டிப்பால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததையெல்லாம் கக்கினேனாம். செலண்டார் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த என் வாப்பா, அப்போது யாரிடமும் கேட்காமல், என்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு லயத்துக்கு ஓடினார். கடையில் கணக்கு வைத்துச் சாமான் வாங்கும் தோட்டத்து லோரி டிரைவர் சவரிமுத்துவின் மனைவி லூர்துவுக்கு அந்த மாதம்தான் அந்தோணி பிறந்திருந்தான். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான் என்று மூன்று மாதம் வளர்ந்தோம். உம்மா வீடு திரும்பி நடமாடத் தொடங்கிய பிறகும் எனக்கு அந்த வீடு விட்டுப் போகவில்லை. பெற்றவர் உம்மா, பால் தந்தவர் அம்மா. எனக்கு இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை, குழம்பியதெல்லாம் பெரியவர்கள்தான்.

சவரிமுத்துவுக்கும் வாப்பாவுக்கும் தினமும் ஒரு சண்டை உண்டு. மாதத்துக்கு ஒருமுறைதான் டவுனிலிருந்து பூசை வைக்கச் சாமியார் வருவார் என்பதால், தோட்டத்துச் சின்னக் கோயிலில் செபம் சொல்லிக்கொடுப்பது சவரிமுத்துதான். லோரியை நிறுத்திவிட்டு மாலையில் கடைக்கு வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாரென்றால் வாப்பாவுக்குத் தராசு ஓடாது. "மரியம் பேர்ல எங்க வேதத்துல தனி அத்தியாயமே இருக்கு, தெரியுமா சவரி? உங்க வேதத்துல இருக்கா, காட்டு பாப்போம்!" என்பார் வாப்பா. "இருக்கட்டும் பாய். தாயை இம்புட்டு மதிக்கிறீங்க, புள்ளயச் சிலுவையில அறஞ்சாங்கன்னா மட்டும் ஏன் ஒத்துக்க மாட்டேங்குறீங்க?" "ஈசா நபிய அல்லா அப்படிக் கைவிட்டிருவானா லா? தூக்கிட்டான், உசிரோட!" "அவரு செத்ததே நமக்காகத்தான் பாய், அது புரியலன்னா ஒண்ணும் புரியல." உளுந்து வாங்க வந்த பெண்கள் காசைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இருவரும் முகம் சிவக்கக் கத்துவார்கள், மேசையைத் தட்டுவார்கள், பிறகு ஒரே பேரீச்சம்பழப் பொட்டலத்தில் கைவிட்டுத் தின்றுகொண்டு வீட்டுக்குப் போவார்கள். நோன்பு மாதத்தில் வாப்பா தின்னமாட்டார், பொட்டலத்தைச் சவரிமுத்து பக்கம் தள்ளிவிடுவார். இன்றைக்கு மேடை போட்டு, பூங்கொத்து கொடுத்து, ஒருவர் மதத்தை ஒருவர் புகழ்ந்து "நல்லிணக்கம்" பேசுகிறார்களே, அதைக் கேட்டால் எனக்குக் கொட்டாவி வருகிறது. நான் கேட்டு வளர்ந்த நல்லிணக்கம் தொண்டை கட்டும் அளவுக்குச் சத்தமானது.

எனக்குப் பத்து வயதான அந்த நோன்பில், ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாம் நின்றுபோனது.

அன்று சாயங்காலம் சமயப்பள்ளி விட்டு வந்ததும், தலையை மூடும் வெள்ளைத் துடோங்கைக்கூடக் கழற்றாமல், கறி போடாத கஞ்சியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். அங்கே சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. மரச்சிலுவையை நாலு பேர் தூக்க, சவரிமுத்து முன்னால் நின்று செபம் படிக்க, லயத்து சனங்கள் ஒவ்வொரு வீட்டு முன்பாகவும் நின்று முழங்கால் போட்டுக்கொண்டு வந்தார்கள். லூர்து அம்மா மெழுகுவத்தி பிடித்து நின்றார். சிலுவைமேல் போர்த்தியிருந்த துணி காற்றில் அவிழ்ந்து பறந்தது. பக்கத்தில் இருந்த என்னிடம் "இதப் புடி பாப்பா" என்று வத்தியைக் கொடுத்துவிட்டு அவர் துணியைக் கட்டப் போனார். ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் மெழுகுவத்தி, தலையில் துடோங், எனக்கு நேர் மேலே சிலுவை. அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்து மண்சாலையில் பசீர் மாமாவின் மோட்டார் சைக்கிள் வந்தது.

பசீர் மாமா தோட்டம் தோட்டமாகத் துணி விற்பவர், வாப்பாவின் கூட்டாளி, சூராவில் முன்வரிசையில் நிற்பவர். அவரைக் கெட்டவர் என்று நான் இன்றுவரை சொன்னதில்லை. மோட்டாரை நிறுத்தி என்னைப் பார்த்த அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பயம் அன்றே கடைக்கு வந்துவிட்டது. "மச்சான், நான் பாத்தது போதாதுன்னு, பின்னால வந்த மலாய்க் கம்போங் ஆளுங்க ரெண்டு பேரும் பாத்துட்டாங்க. சூராவுல பேச்சாயிருச்சு. இது ஆகாமா ஆபீசுக்குப் போச்சுன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்" என்றார். எனக்கும் தெரியும், பெரியவர்கள் குசுகுசுவென்று பேசினால் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். முஸ்லிம் பிள்ளைக்கு வேறு மதம் சொல்லிக் கொடுப்பது எங்கள் நாட்டில் குற்றம். சமயக் காரியங்களைப் பார்க்கும் அந்த ஆபீசுக்குப் புகார் போனால் சவரிமுத்துவைப் போலீஸ் விசாரிக்கும், தோட்டத்துத் துரை வேலையை விட்டு நிறுத்தினால் லயத்து வீடும் போய்விடும். என்னை மலாக்கா டவுனில் இருக்கும் மாமி வீட்டுக்கு அனுப்பி அங்கேயே படிக்க வைத்துவிடுவார்கள். சவரிமுத்துவுக்கு வீடு போகும், எனக்கு லூர்து அம்மா போய்விடுவார்.

மறுநாள் காலையில் வாப்பா என்னைக் கூப்பிட்டு, "இனிமே லயத்துப் பக்கம் கால் வைக்கக்கூடாது" என்றார். ஏன் என்று கேட்டதற்கு அறை விழுந்தது. அவர் என்னை அடித்தது அது ஒருமுறைதான். அடித்துவிட்டு அவரே கடைக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் வெகுநேரம் நின்றார்.

சவரிமுத்து அன்று கடைக்கு வந்தார், ஆனால் மூட்டைமேல் உட்காரவில்லை. "உங்க புள்ளய நாங்க கூப்புடல பாய். அதுவா வந்துச்சு. எங்களுக்கும் மூணு புள்ளைங்க இருக்கு" என்றார். வாப்பா, "இப்ப யாரு உன்னயக் குத்தம் சொன்னா?" என்று சீறினார். ஆத்திரத்தில் வந்த சொல்லைத் திரும்ப எடுக்க இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வாப்பா குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். அதுதான் அந்த நாட்களின் பெரிய முட்டாள்தனம். "நாளைக்குச் சாயங்காலம் அசர் தொழுதுட்டு சமயப்பள்ளி உஸ்தாஸ் விசாரிக்க வீட்டுக்கு வர்றாரு. உன்னயும் கூப்புட்டிருக்காங்க. பால் குடுத்த சங்கதி மட்டும் ஒருத்தர் வாயிலயும் வரக்கூடாது சவரி. கிறிஸ்தவப் பால்ல வளந்த புள்ளன்னு தெரிஞ்சா அதோட தொலஞ்சோம்." சவரிமுத்து தலையாட்டினார். லயத்துக்குப் போய் லூர்து அம்மாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். பத்து வருடம் கடைத்தெருவுக்கும் லயத்துக்கும் தெரிந்திருந்த ஒன்றை, இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து ஒரே நாளில் களவுச் சாமான் மாதிரி ஒளித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் நாற்காலிகள் போட்டார்கள். சமயப்பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த உஸ்தாஸ் நடுவில் உட்கார்ந்தார். மீசை சரியாக முளைக்காத மலாய்க்கார இளைஞர், குர்ஆன் ஓதினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், ஆனால் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் பசீர் மாமாவும் கம்போங் ஆட்கள் இருவரும். சவரிமுத்து நாற்காலி கொடுத்தும் உட்காராமல் சுவரோரம் நின்றார். யாரும் கூப்பிடாமலே லூர்து அம்மாவும் வந்து, கோயிலுக்குக் கட்டும் சேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வாசற்படி அருகே நின்றார். அடுப்படித் திரைக்குப் பின்னால் உம்மா, உம்மாவுக்குப் பின்னால் நான். உம்மாவின் கை என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தது.

உஸ்தாஸ் மலாயில் மெதுவாகத்தான் கேட்டார். இந்தப் பிள்ளை ஏன் தினமும் அந்த வீட்டுக்குப் போகிறாள்? வாப்பா, "கஞ்சி கொண்டு போவா" என்றார். கஞ்சி நோன்பு மாதத்தில்தானே, மற்ற மாதங்களில்? அங்கே அவள் வயதில் ஒரு பையன் இருக்கிறானாமே, பெரியவளாகப் போகிற பெண்ணை எந்த உறவில் அனுப்புகிறீர்கள்? ஈசா நபிக்காகத் தினமும் மேசையைத் தட்டிய வாப்பா, தன் சொந்த மகளுக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் அப்போது வந்த கோபத்தை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. உஸ்தாஸ் சவரிமுத்து பக்கம் திரும்பி, அந்த மெழுகுவத்தியைப் பிள்ளை கையில் கொடுத்தது யார் என்று கேட்டார்.

"நாந்தான்" என்றார் லூர்து அம்மா.

உஸ்தாஸ் பெருமூச்சு விட்டு, பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாவிட்டால் மேலே எழுதிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். பசீர் மாமா, "பொண்ண டவுனுக்கு அனுப்பிருவான் உஸ்தாஸ், நான் பொறுப்பு" என்று கெஞ்சத் தொடங்கினார். அப்போது என் மணிக்கட்டில் இருந்த கை விட்டது. அந்நிய ஆண்கள் முன்னால் ஒருநாளும் குரல் எழுப்பாத உம்மா, திரையை விலக்கிக்கொண்டு நடு ஹாலுக்கு வந்துவிட்டார்.

"என்ன உறவுன்னா கேக்குறீங்க? பால் குடிச்ச வீடுங்க அது! எம் மாருல ஒரு சொட்டு இல்லாம நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எம் புள்ள உசிர வச்சவ இவ. கிறிஸ்தவப் பால்தான். அதுல பாவமிருந்தா எந்தலையில எழுதுங்க!"

வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். பசீர் மாமா, தலைக்கு மேலே போய்விட்டது என்பதுபோல நெற்றியைப் பிடித்தார். உம்மா தமிழில் கத்தியதை அவரே தடுமாறித் தடுமாறி மலாயில் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த உஸ்தாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது ஆகவில்லையே? ஆகவில்லை. வயிறு நிறையக் குடித்தாளா? ஐந்து தடவைக்கு மேலா? லூர்து அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "என்ன ஐயா கேக்குறாரு? மூணு மாசம் இவளும் அவனும் என்னயப் புடுங்கித் தின்னதுக்கு யாரு எண்ணிக்கிட்டிருந்தா?" என்றார். அதற்கும் பசீர் மாமா மலாய் சொன்னார். அந்தக் கேள்விகள் எங்கே போகின்றன என்று புரிந்ததுபோல அவர் குரல் மாறியிருந்தது.

உஸ்தாஸ் வாப்பாவைப் பார்த்து, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டார். நம் மார்க்கத்தில் மணமுடிக்கக் கூடாதவர்கள் வரிசையில் பெற்ற தாய்க்குப் பிறகு பாலூட்டிய தாயும் உண்டு. அவள் எந்த மதமாக இருந்தால் என்ன, பால் பால்தான். இந்தப் பையன் இவளுக்குச் சகோதரன், அவன் முன்னால் இவள் தலையை மூட வேண்டியதுகூட இல்லை. இதோ சுவரோரம் நிற்கிறாரே, அவர் இவளுக்குத் தகப்பன் ஸ்தானம். அந்த வீட்டுக்குப் போகாதே என்று சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்றார். எங்களைக் கட்டிப்போட வந்த சட்டம் அவரையே கட்டிப்போட்டது. யாருக்குத் தெரியக் கூடாதென்று வாப்பா பயந்தாரோ, அந்த உஸ்தாஸுக்கு அது தெரிந்த பிறகுதான் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

ஆனால் அவர் எழுந்து போகும்போது வாசலில் நின்று, லூர்து அம்மாவிடம் ஒன்று கேட்டார். உறவு சரி, உங்கள் வணக்கத்தை இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா? லூர்து அம்மா இந்தமுறை யாருக்காகவும் காத்திராமல் தனக்குத் தெரிந்த சந்தைப் பேச்சான பாசார் மலாயிலேயே சொன்னார். பிறகு தமிழிலும் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "பாலு குடுத்தேன் ஐயா. சாமியக் குடுக்கல. அது அவ ஆத்தாளும் அப்பனும் குடுக்க வேண்டியது." உஸ்தாஸ் தலையசைத்தார். வணக்க நேரத்தில் மட்டும் பிள்ளை அங்கே நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறினார். அன்று அந்தியில் நானும் அம்மாவும் ஒரே தூக்கில் கஞ்சி குடித்தோம். ஞாயிற்றுக்கிழமைதானே, கறி போட்டதே என்றாலும் பரவாயில்லை என்றார் அம்மா. எனக்கு அழுகையில் உப்பும் தெரியவில்லை, கறியும் தெரியவில்லை.

புகார் போகவில்லை, நானும் டவுனுக்குப் போகவில்லை. ஆனாலும் பயம் வந்த வழியே திரும்பிப் போய்விடுவதில்லை. அதற்குப் பிறகு நான் லயத்து வீட்டு வாசலை மிதித்தால் போதும், உள்ளே செபம் படித்துக்கொண்டிருக்கும் சவரிமுத்துவின் குரல் பாதியில் நின்றுவிடும்; இரண்டு விரலால் மெழுகுவத்தியை நசுக்கி அணைத்துவிட்டு, "வா பாப்பா" என்பார். நான் போகும்வரை அந்த வத்தி எரியாது. அவருக்குப் பிரியம் குறையவில்லை, எனக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதென்ற கவலைதான். ஆனால் ஒரு வீட்டின் செபத்தை நிறுத்தும் ஆளாக நான் ஆகிவிட்டது எனக்கு வலித்தது. கடையிலும் அப்படித்தான். சவரிமுத்து மூட்டைமேல் மறுபடி உட்கார்ந்தார், பேரீச்சம்பழமும் தின்றார், ஆனால் மழையைப் பற்றியும் லோரி டயரைப் பற்றியும் மட்டுமே பேசினார்கள். மரியமும் ஈசா நபியும் சிலுவையும் அந்தக் கடைக்குள் அப்புறம் வரவே இல்லை. வாப்பா மௌத்தாகும்வரை வரவில்லை. மரியாதையாகத்தான் இருந்தார்கள் இருவரும். அந்த மரியாதையைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது லயம் இல்லை. ரப்பர்ப் பால்மரத்தை அழித்து எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள், பிறகு அதிலும் பாதியை அழித்து வீடு கட்டினார்கள். வாப்பாவின் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். லூர்து அம்மா போன வருடம் தவறினார். மலாக்கா டவுனில் அந்தோணி வீட்டு ஹாலில் பெட்டிக்குள் அவரைக் கிடத்தியிருந்தார்கள், தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்து சவரிமுத்து செபம் படித்துக்கொண்டிருந்தார். நான் துடோங்குடன் வாசலில் நுழைந்தேன். அவர் குரல் நின்றது. எண்பதை நெருங்கிய அந்தக் கை, பழக்கம் மாறாமல், வத்தியை நோக்கிப் போனது. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "அணைக்காதீங்கப்பா. அம்மாவுக்குப் படிங்க" என்றேன். அவர் படித்தார். நான் அம்மாவின் கால்மாட்டில், வாய் திறவாமல், முடியும்வரை நின்றேன்.

முப்பது வருடத்துக்கு மேல் சுற்றி அலைந்த நிலாக் கணக்கு, ரமலானை மறுபடி தவக்காலத்தோடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இந்த நோன்பிலும் வெள்ளிக்கிழமை இரண்டு சட்டி வைக்கிறேன். கறி போடாததை எடுத்துக்கொண்டு அந்தோணி வீட்டுக்குப் போகிறேன். போன வெள்ளிக்கிழமை, பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. சவரிமுத்து அப்பா செபத்தை முடித்து, வத்தியை எரிய விட்டபடியே, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க வாப்பா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, என் பக்கம் திரும்பி, "நீயாச்சும் சொல்லேன் பாப்பா" என்றார்.

எதைச் சொல்ல என்று நான் கேட்கவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, வாப்பா மாதிரியே மேசையை ஓங்கித் தட்டினேன்.

"ஈசா நபியச் சிலுவையில அறையல. அல்லா உசிரோட தூக்கிட்டான்."

கிழவருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்பிடி வா வழிக்கு!" என்று கத்தத் தொடங்கினார்.